சுவருக்குத் தோல் முளைச்ச வருஷம்

எங்க சீ வியூ நகர்ல இருந்து பாத்தா கடல் தெரியாது. இதை மொதல்லயே சொல்லிப்போடுதேன், பொறவு யாரும் என்னையக் குத்தம் சொல்லப்பிடாது. மொட்டைமாடியில ஏறி, தண்ணித்தொட்டி மேலயும் ஏறி, நுனிக்காலில நின்னு எட்டிப் பாத்தாலும் வெள்ளை வெளேர்னு உப்பளந்தான் தெரியும், உப்பளத்துக்கு இந்தப் பக்கம் அளத்துத் தெரு தெரியும், அளத்துத் தெருவுக்கு இந்தப் பக்கம் எங்க சுவரு தெரியும். அந்தச் சுவரைக் கட்டுனவிய எங்க சங்கத் தலைவர் அரியநாயகம் சார். ரிட்டயர்டு எஞ்சினியர், அணைக்கட்டெல்லாம் கட்டுனவிய, தும்மினாக்கூட அளந்துதான் தும்முவாவ. உள்பக்கம் மஞ்சப் பெயிண்டு, வெளிப்பக்கம் வெறும் சிமெண்டு, உச்சியில கண்ணாடிச் சில்லுன்னு ஒரு கொறையும் இல்லாமக் கட்டுனாவ. எங்க போர்வெல்லுல நல்ல தண்ணி விழுந்தது, அது எங்க யோகம். அளத்துத் தெருவில எங்கன தோண்டுனாலும் உப்புத் தண்ணி, அது அவங்க தலையெழுத்து. சுவத்துல ஒரு ஓட்டை போட்டு ஒரு பைப்பு குடுங்க அண்ணாச்சின்னு அந்தத் தெருப் பொம்பளைய வந்து கேட்டப்ப, சுவருன்னா சுவரா இருக்கணும், ஓட்டை போட்டுட்டா அதுக்குப் பேரு சுவரில்லைன்னு சார் விளக்கமாச் சொல்லி அனுப்புனாவ. எங்க வீட்டு அவியதான் சங்கத்துக்குச் செக்ரட்டரி, பக்கத்துல நின்னு தலையாட்டுனாவ. தலையாட்டுததுக்குத்தான் செக்ரட்டரின்னு ஒரு பதவியே வச்சிருக்கு.

அந்தச் சுவரு மொதல்ல ஆள் ஒசரந்தான் இருந்தது. சாரோட ஒத்த மக சிந்துஜா, அளத்துத் தெரு இசக்கிராஜைக் கட்டிக்கிட்டுப் போனப்பதான் அது ரெண்டாள் ஒசரத்துக்கு வளந்தது. இசக்கிராஜ் உப்பு லாரி ஓட்டுத பையன், நல்ல உழைப்பாளி, ஆனா என்ன ஆளுங்கன்னு ஒரு கேள்வி இருக்குல்லா, அதை எங்க காலனியில ஒருத்தரும் வாய்விட்டுக் கேக்கலை. நாங்க படிச்சவங்க, அதையெல்லாம் கண்ணாலயே கேட்டு கண்ணாலயே பதில் வாங்கிக்கிடுவோம். சார் சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, "அந்தத் தெருவில என் காலு படாது, அவ மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்" அப்பிடின்னாவ, நாங்க கை தட்டுனோம். பின் வரிசையில இருந்த அவிய பெண்டாட்டி விசாலம் அக்கா மட்டும் தட்டலை. கொடுமை என்னன்னா, சார் வீடு சுவரை ஒட்டுன கடைசி வீடு, மக வாழப்போன வீடு சுவருக்கு அந்தப் பக்கத்து மொத வீடு, நடுவில ஒரு செங்கல் கனந்தான். மக இருமுனா விசாலம் அக்காவுக்கு அடுப்படியில கேக்கும். சுத்திப் போனா காப்பி ஆறுததுக்குள்ள போய்ச் சேந்துரலாம், ஆனா வாசல்ல வாட்ச்மேன் இருக்கான், அக்காவை வெளிய விடப்பிடாதுன்னு அவனுக்கு சார் சொல்லி வச்சிருக்காவ.

இப்பிடி இருக்கையில, ஆனிக் காத்து அடிக்க ஆரம்பிச்ச சமயம், சுவருக்குத் தோல் முளைச்சது. எப்பிடி முளைச்சதுன்னு எங்கிட்டக் கேக்கப்பிடாது, எங்கிட்ட மட்டும் கேட்டுக்கிட்டா முளைச்சது. காலையில பாத்தா எல்லா வீட்டுச் சம்ப்பும் காலி, தரையில சொட்டு ஈரங்கூட இல்லை, சுவரைத் தொட்டா ஆட்டுக்குட்டி வயிறு மாதிரி மெத்து மெத்துன்னு வெதுவெதுப்பா இருக்கு, அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமும் குடம் முட்டுத சத்தமும் கேக்குது. மாடியில ஏறி எட்டிப் பாத்தா, சுவரு முழுக்க வேர்த்து வேர்த்து நல்ல தண்ணியா ஊத்துது, அளத்துத் தெருப் பொம்பளைய வரிசை போட்டுப் பிடிச்சுக்கிட்டு இருக்காவ. கல்லு மாதிரி இருந்த சுவரு எப்பிடித் தோலாச்சுன்னு எங்களுக்கு ஆச்சரியமே வரலை, பாத்துக்கிடுங்க. எங்க தண்ணியை அவங்க எப்பிடிப் பிடிக்கலாங்கிற கோவந்தான் வந்தது. சங்கத்தைக் கூட்டி, இது கசிவுதான்னு ஏகமனதாத் தீர்மானம் போட்டு, கசிவு அடைக்கித பெயிண்டுக்காரனைக் கூட்டியாந்தோம். அவன் ஏணி போட்டு நாள் முழுக்க உள்பக்கம் பூசுனான், பூசப் பூச அந்தப் பெயிண்டைச் சுவரு உறிஞ்சி அந்தப் பக்கம் அனுப்பிட்டுது. சாயங்காலம் எங்க பக்கம் பழைய மஞ்ச, அளத்துத் தெருப் பக்கம் பளபளன்னு புதுப் பச்சை. அந்தத் தெருக்காரங்க கலரு நல்லாருக்கு அண்ணாச்சின்னு சொல்லி விட்டாங்க.

அப்பத்தான் ஞானப்பூ டீச்சர் வாயைத் தெறந்தாவ. எங்க காலனிதான், பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்தி ரிட்டயர்டு ஆனவிய. உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் இப்பிடி ஒரு மெல்லிசுத் தோல் உண்டு, அதுக்கு ஆள் பாத்து வழி விடுத குணம் உண்டு, எண்ணெய்ப் பசை உள்ளது வழுக்கிக்கிட்டுப் போயிரும், பெருசெல்லாம் போகாது, தண்ணி எப்பவும் உப்பு கூட இருக்கிற பக்கமாத்தான் போகும், அந்தத் தெருவில மண்ணுல உப்பு, வேட்டியில உப்பு, வேர்வையில உப்பு, தண்ணி பின்ன எங்க போகும்னு கேட்டாவ. டீச்சர் சொன்னதுல மத்ததெல்லாம் எங்க காதுல ஏறலை. உப்பு இருந்தா தண்ணி வரும்ங்கிறது மட்டும் ஏறிச்சு.

விசாலம் அக்கா காதுல மட்டும் வேற ஒண்ணு ஏறியிருக்கு, எண்ணெய் போகுங்கிறது. சிந்துஜா அப்ப முழுகாம இருந்தா, இடுப்பு வலின்னு அவ அந்தப் பக்கம் முனங்குதது இந்த அடுப்படியில கேக்கும். அக்கா நல்லெண்ணெயில மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, கிண்ணத்தைச் சுவத்தோட சாச்சிப் பிடிச்சாவ. சுவரு சத்தமில்லாம அவ்வளவையும் குடிச்சுது. கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் இருந்து முனகல் நின்னு, சிந்துஜா மூக்கை உறிஞ்சுத சத்தம் கேட்டதாம். அம்மா கைப் பக்குவம் மணத்துலயே தெரியாமலா போகும். பொறவு அக்கா கண்ணாடி வளையல் ஒண்ணை எடுத்து வச்சு அமுக்கிப் பாத்திருக்காவ, போகலை, உருண்டு திரும்பி காலடியில வந்து விழுந்துட்டுது. அன்னைக்கு எங்கிட்ட அந்த வளையலைக் காட்டி அழுதாவ. "ஏளா மரகதம், தாய்வீட்டு வளையல் இல்லாத மொட்டைக் கையோட என் பிள்ளை பிரசவத்துக்குப் போவாளா?" ஒன்பதாம் மாசம் வளைகாப்புக்கு அந்தத் தெருவில நாள் குறிச்சாச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

சங்கம் சும்மா இருக்குமா. உப்பு வாங்கி நம்ம பக்கம் தட்டுவோம்னு சார் சொன்னாவ. உப்பு எங்க வாங்குதது, சுத்தி நாலு பக்கமும் உப்பளந்தான், ஆனா லாரியும் லோடு ஏத்துத ஆளும் அளத்துத் தெருவில இருந்துதான் வரணும். அவங்ககிட்ட இருந்து தண்ணியைத் திரும்பப் பிடுங்குததுக்கு அவங்களையே கூப்பிட்டு, அவங்க சொமந்தாந்த உப்பை எங்க சுவரோரம் அவங்க கையாலயே கொட்டச் சொன்னோம். இப்பிடி ஒரு கூறு கெட்ட காரியத்தை நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டிய. இசக்கிராஜே ஒரு லாரி ஓட்டிக்கிட்டு வந்தான், மாமனார் வீட்டு வாசல்ல கொட்டிட்டு, போதுமா சார்னு பணிவாக் கேட்டுட்டுப் போனான், சார் ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு நின்னாவ.

தண்ணி வரத்தான் செஞ்சது. வந்த தண்ணி உப்புக் குமியைக் கரைச்சு, தோட்டத்துல பாஞ்சு, சம்ப்புல எறங்கி, போர்லயும் கலந்தது. குரோட்டன்ஸ் கருகுச்சு, புல்லுத்தரை வெளுத்துது, காப்பி கரிச்சுது, குளிச்சா தலைமுடி தேங்காய் நாராச்சு. போர்டு மட்டும் சீ வியூ நகர்னு பளிச்சுன்னு நின்னுது, உள்ள வந்து பாத்தா உப்பளமேதான். கடைசியில நாங்க, பட்டுச்சீலைக்கு மேட்சிங் தேடுத நாங்க, ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கிட்டுச் சுத்திப் போய் அளத்துத் தெருவில நின்னோம். அவங்க முன்னமே பிடிச்சு வச்ச தண்ணியை, நம்ம தண்ணிதானேன்னு நாங்க மனசுக்குள்ள முணுமுணுத்துக்கிட்டே நின்ன தண்ணியை, ஒரு வார்த்தை கேக்காம ஊத்துனாவ. சொடலிங்கிற ஒரு பெரிய பொம்பளை மட்டும், கடைசிக் குடத்தை என் இடுப்புல தூக்கி வச்சுட்டு, "உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான தாயி ஆகணும்" அப்பிடின்னா. வீடு வரைக்கும் அந்தக் குடத்தை விட அந்தச் சொல்லுதான் கனமா இருந்துது.

பொறவு என்னாச்சுன்னா, எங்க தெருவில ஒருத்தர் அமாவாசைக்குக் காக்காவுக்கு வச்ச சோறு சுவத்தோரம் இருந்திருக்கு. காக்கா வாரதுக்கு முந்தி சுவரு குழிஞ்சு, இலையோட சேத்து அதை அப்பிடியே உள்வாங்கிட்டுது. வாங்குன கையோட, எங்க பக்கத்து உப்பைக் கொஞ்சம் அள்ளி அந்தப் பக்கம் தள்ளவும் செஞ்சது. சுவத்தடியில எறங்குன தண்ணியை நக்கிப் பாத்தா ஒரு குடம் அளவுக்கு நல்ல தண்ணி. ஞானப்பூ டீச்சர் இதுக்கும் விளக்கம் வச்சிருந்தாவ. நெறைய இருக்கிற எடத்துல இருந்து இல்லாத எடத்துக்குப் போறது தானாப் போயிரும், காசு பணம் வேண்டாம், அனுமதி வேண்டாம். இருக்கிற எடத்துக்கே இன்னும் கொண்டுபோய்ச் சேக்கணும்னா மட்டும் சும்மா நடக்காது, ஆளைப் போட்டுத் தள்ளணும், தள்ளுதவனுக்குச் சோறு போடணும்னாவ. அதைக் கேட்டு எங்க வீட்டு அவிய, அதான உலகத்து வழக்கம்னு தலையாட்டுனாவ.

அன்னையில இருந்து சுவருக்குப் படையல். வீட்டுக்கு ஒரு முறை வச்சு, பொங்கல், அதிரசம், கருப்பட்டி மிட்டாய்னு குளிச்சு முழுகிக் கொண்டுபோய் வச்சோம். நம்ம தூத்துக்குடி முந்திரி மக்ரூன்னா சுவருக்கு உசுரு, கூட ரெண்டு குடம் குடுக்கும். ஒரு அய்யரைப் பிடிச்சு அர்ச்சனையே ஆரம்பிச்சாச்சு, சுவருக்குச் சந்தனம் குங்குமம் வச்சு மாலை போட்டாச்சு. எந்தத் தெருவைத் தள்ளி வைக்கக் கட்டுனோமோ அந்தத் தெரு பாக்க அந்தச் சுவரையே கையெடுத்துக் கும்பிட்டோம், வெக்கமே இல்லை. ஒரு தடவை பாங்க் மேனேஜர் வீட்டு அம்மா வெள்ளித்தட்டோட கேசரி வச்சாவ, சுவரு தட்டோட சேத்து மடிச்சு விழுங்கி அந்தப் பக்கம் துப்பிட்டுது. கேசரி இல்லை, தட்டு மட்டும் முழுசாப் போய்ச் சேந்திருக்கு, அளத்துத் தெருவில இருந்து கழுவித் திருப்பி அனுப்புனாவ. பெருசு போகாதுன்னாவளே டீச்சர்ன்னு நாங்க சிரிச்சோம். தீனியோட சேத்து வச்சா எவ்வளவு பெருசானாலும் சுவரு மடிச்சுக் கொண்டு போகும், அதுவும் ஒரு வழின்னு டீச்சர் சொன்னாவ. விசாலம் அக்கா சிரிக்கலை, வெறிச்சுச் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தாவ.

வளைகாப்பு அன்னைக்கு முறை சார் வீட்டுது. அது தானா அமைஞ்சதா அக்கா எங்க வீட்டு அவியட்டச் சொல்லி மாத்திக்கிட்டாவளான்னு நான் சொல்ல மாட்டேன். விடியக்காலம் எந்திரிச்சு புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, சக்கரைப் பொங்கல்னு கட்டுச்சோறு முழுசும் ஆக்கி, வாழையிலையில பொதிஞ்சு கையில ஏந்திக்கிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுன கூறைச்சீலையைக் கட்டிக்கிட்டு வந்தாவ. மடி கனமா இருந்துது, நடக்கும்போது கண்ணாடி கலகலங்குது. காலனிப் பொம்பளைய பூராவும் அங்கனதான் நின்னோம், ஒருத்திக்காவது தெரியாமலா இருந்துருக்கும், ஒருத்தியும் வாயைத் தெறக்கலை. எங்க வாழ்நாள்லயே நாங்க வாயை மூடிக்கிட்டு ஒரு நல்ல காரியம் செஞ்சது அன்னைக்குத்தான். அக்கா இலையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு சுவத்தோட சுவரா ஒட்டி நின்னாவ. சுவரு மெதுவாக் குழிஞ்சு, மொதல்ல சோத்தை, பொறவு கையை, பொறவு மல்லிகைப்பூ வச்ச கொண்டையை, கடைசியில கூறைச்சீலை முந்தியைன்னு ஒரு சுருக்கம் இல்லாம மடிச்சு வாங்கிக்கிட்டுது. பொறவு அந்தப் பக்கம் குலவை கேட்டுது, அதுக்கும் பொறவு ஒண்ணொண்ணா, கை நெறையிற மட்டும், வளையல் ஏறுத சத்தம் கேட்டுது. நானும் அழுதேன், சொல்லுததுக்கு என்ன வெக்கம்.

சாருக்குச் சேதி போய் ஓடி வந்தாவ. பாலிஷ் போட்ட ஷூ, இஸ்திரி போட்ட பேண்ட்டு, சங்கத் தலைவர்னு சட்டையில குத்துன பேட்ஜு. சுத்திப் போய்க் கூட்டியாங்க சார்னு எங்க வீட்டு அவிய சொன்னதுக்கு, அந்தத் தெருவில என் காலு படாதுன்னு சொன்னது சொன்னதுதான்னாவ. அப்பிடின்னா எப்பிடின்னு கேட்டா, காலு இங்கன இருக்கும், கைய மட்டும் விட்டு அவளைப் பிடிச்சு இழுத்துப்போடுவேன், நான் கட்டுன சுவரு என்னைய என்ன செய்யும்னு சொல்லி, பிரசாதத் தட்டுல இருந்த மக்ரூனை ரெண்டு கையிலயும் அள்ளிக்கிட்டுச் சுவத்துக்குள்ள விட்டாவ. கை போச்சு. எட்டலை போல, தோளைக் குடுத்தாவ. அதுவும் எட்டலை, தலையைக் குடுத்தாவ. அம்புட்டுத்தான். சுவரு அவிய இடுப்பைச் சுத்தி வாயை மூடிக்கிட்டுது.

நாங்க இந்தப் பக்கம் காலைப் பிடிச்சு இழுத்தோம், அளத்துத் தெருக்காரங்க அந்தப் பக்கம் கையைப் பிடிச்சு இழுத்தாங்க, வலிக்குதுன்னு அந்தப் பக்கம் சத்தம் வந்ததுதான் மிச்சம். டாக்டர் வந்து, நாடி பாக்கக் கை அந்தப் பக்கம் இருக்கேன்னு சுத்திப் போய்ப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்காவ, பசிக்குதாம்னு சொல்லிட்டுப் போனாரு. ஞானப்பூ டீச்சரைக் கேட்டா, தோல்ல இப்பிடிப் பாதி உள்ளயும் பாதி வெளியவும் சிக்கிக் கெடக்கிறதுதான் வாசலா இருந்து வேலை பாக்கும், எடுத்தாத்தான் கெடுதல், விட்டுருங்கன்னாவ. அது அப்பிடியே ஆச்சு. அவிய இடுப்பைச் சுத்தி ஒரு சந்து விழுந்து, அது வழியா தண்ணியும் உப்பும் அங்கயும் இங்கயுமாப் போய் வந்து, ஆடி முடியுததுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி, குடிக்கத் தோதான தண்ணி. பெரிய சாமான் எதையும் அனுப்பணும்னா, அவிய கெண்டைக்கால்ல ரெண்டு தட்டு தட்டி, சார் இதைக் கொஞ்சம் வாங்குங்கன்னு சொல்லிச் சந்துல நீட்டுனாப் போதும், அந்தப் பக்கம் அவிய கை இழுத்துக்கிடும். மொதல்ல இழுக்க மாட்டேன்னுதான் அடம் பிடிச்சாவளாம். இழுத்தாத்தான் சோறுன்னு, மக வீட்டுலயே தங்கிட்ட விசாலம் அக்கா சொல்லிட்டாவளாம், அக்காதான் ஊட்டி விடணும், வேற வழி.

சங்கம் அவசரக் கூட்டம் போட்டுது. தலைவர் எல்லைக்கு வெளிய போயிட்டாரா இல்லையான்னு விடிய விடியப் பேசி, காலு ரெண்டும் காலனி மண்ணுல இருக்கிறதால பதவி செல்லும்னு முடிவாச்சு. காலுக்கு வெயில் படாம ஒரு தகரப் பந்தல், எறும்பு ஏறாமச் சுத்தி மஞ்சப்பொடி. யாராவது கலியாணப் பத்திரிகை வச்சா காலடியில வச்சுக் கும்பிட்டுட்டுப் போனாவ. அவிய சொன்ன ரெண்டுல ஒண்ணை, அந்தத் தெருவில காலு படாதுங்கிறதை, இன்னைக்கு வரைக்கும் அவிய காப்பாத்திட்டாவ. இன்னொண்ணு பாவம், காப்பாத்த வழியில்லை. கண்ணைத் தெறந்தா எதுத்தாப்புல மக வீட்டு வாசல், அவ கோலம் போட வருவா. தெனமும் அவ மூஞ்சியிலதான் முழிக்கணும். கண்ணை இறுக்க மூடிக்கிட்டே இருக்காவன்னு அந்தத் தெருக்காரங்க சொன்னாங்க. நாங்க என்னத்தைக் கண்டோம், எங்க பக்கம் முகமா இருக்கு, வெறும் பின்பக்கமும் காலுந்தான். அதுவும் வெறைச்சுக்கிட்டு நின்ன காலு, அட்டென்ஷன்ல நிக்குத போலீஸ்காரன் காலு மாதிரி.

ஆவணியில சிந்துஜாவுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்தது. ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்த அன்னைக்கு எங்க வீட்டு அவிய வழக்கம்போலக் காலடியில நாற்காலி போட்டு சங்கக் கூட்டம் நடத்திக்கிட்டு இருந்தாவ, புல்லுத்தரை திரும்பப் போடுததைப் பத்தி. நான் சாரோட ஷூவைக் கழட்டிக்கிட்டு இருந்தேன், இத்தனை நாளா ஒருத்தருக்கும் அது தோணலை பாருங்க, சாக்ஸோட சேத்துக் கழட்டுனா பாதம் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வெளுத்துப்போய்க் கெடக்கு. அப்ப அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்துத சத்தம், பொறவு ஒரு பிள்ளை வீறிட்டு அழுத சத்தம், பொறவு சிந்துஜா வளையல் குலுங்க நடந்து சுவத்துப் பக்கமா வந்து நிக்கித சத்தம் கேட்டுது. கூட்டம் தானா நின்னுட்டுது. விசாலம் அக்கா கொரல்தான் சந்து வழியா வந்தது.

"பிடிங்க. கழுத்துக்குக் கை குடுத்துப் பிடிங்க."

அழுகை நிக்கலை. கூடத்தான் செஞ்சது. என் முன்னால இருந்த பாதம் ரெண்டும் வெறைச்சு, பத்து வெரலும் உள்ள மடங்கி, மண்ணைப் பிறாண்டுச்சு. பிடிக்க மாட்டாவன்னுதான் நான் நெனைச்சேன். அப்ப எடது குதிகாலு லேசாத் தூக்குச்சு. கீழ எறங்குச்சு. பொறவு வலது. பொறவு எடது. சரியாச் சொல்லுதேன், அது பிள்ளையை ஆட்டத் தெரியாதவன் ஆட்டுத ஆட்டம், தாளம் தப்பித் தப்பிப் போகுது, அணைக்கட்டு கட்டுன காலு பாருங்க. ஆனா ஆடுச்சு. இந்தப் பக்கம் நாங்க அத்தனை பேரும் மூச்சு விடாம அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னோம், அந்தப் பக்கம் அழுகை கொறைஞ்சு, விக்கலாகி, நின்னுட்டுது.

எங்க வீட்டு அவிய தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, சார், அளத்துத் தெருவுக்கு ஒரு பைப்பு குடுக்கலாமான்னு அன்னைக்கு ஒரு கோரிக்கை வந்துதுல்லா, அதுல இப்ப சங்கத்தோட நெலைப்பாடு என்னன்னு காலைப் பாத்துக் கேட்டாவ. இவிய ஒரு மடையன். காலு பதில் சொல்லலை. எடது, வலது, எடது, வலதுன்னு அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருந்துது. நான் ஷூவை எடுத்து ஓரமா வச்சேன், அதுக்குப் பொறவு யாரும் அதை மாட்டி விடலை.